இரண்டாம் நம்பர் ஃப்ரையர்

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் அதுதான் உண்மை. துபாயில் ஒரு பெல்ஜியம் உணவகத்தின் சமையலறையில் ஒன்பது வருடம் உணவுப் பாதுகாப்புப் பொறுப்பாளராக நின்றேன். இந்த வருடம் நோன்பு தொடங்குவதற்கு முன்னால் வேலையை விட்டேன். வேறு வேலை தேடவில்லை, தேடும் எண்ணமும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் கணவர் என்னை "ரிட்டயர்ட் ஆபீசர்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்.

ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு மூன்று காரணங்கள் வைத்திருக்கிறேன்: முழங்கால் வலி, இரண்டு வயது மகள், எந்த ஷாம்புவுக்கும் அசையாமல் தலைமுடியில் தங்கிவிட்ட பொரிக்கும் வாசம். எதை முதலில் சொல்வது என்பது கேட்பவரைப் பொறுத்தது.

என் இடத்துக்கு வந்திருக்கும் காவ்யா திருச்சிப் பெண், கெட்டிக்காரி. போன வாரம் வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "அக்கா, பேப்பர் லிஸ்ட்டையெல்லாம் தூக்கிட்டு டேப்லெட் குடுத்துட்டாங்க. அதுவே ஒவ்வொண்ணா கேள்வி கேக்குது, நாம டிக் பண்ணா போதும். நீங்க எப்படிக்கா எல்லாத்தையும் கையால எழுதி சமாளிச்சீங்க? ஒரு தடவையாவது சொதப்பியிருக்கீங்களா?"

சொதப்பியிருக்கிறேன் என்று ஒரு வரியில் பதில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் காவ்யாவும் அவளைப் போல இங்கே புதிதாகச் சேர்ந்த இன்னும் நான்கு பெண்களும் கதை கேட்டு வரிசையில் நின்றார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் உணவுத் தொழில்நுட்பம் நான்கு வருடம். பிறகு ராஸ் அல் கைமாவில் தண்ணீர் பாட்டில் தொழிற்சாலையில் ஒன்றரை வருடம். அங்கே கற்றது ஒன்றே ஒன்று: எழுதாத வேலை நடக்காத வேலை. அந்தப் பாடத்தோடு பெல்ஜியம் உணவகத்துக்குள் நுழைந்தேன். சுவரில் என் பெயர் போட்ட பொறுப்பாளர் சான்றிதழை மாட்டினார்கள். அந்தச் சமையலறையில் யாருக்காவது கொடுக்கக் கூடாததைக் கொடுத்துவிட்டால் நகராட்சி முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான்.

உணவகம் ஒரு ஓட்டலின் தரைத்தளத்தில் இருந்தது. மர மேஜைகள், பித்தளை விளக்குகள், பெல்ஜியத்தில் பாட்டன் காலத்துக் கடைகள் இருப்பது போலவே எல்லாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வரிசை ஓட்டல் வரவேற்பு வரைக்கும் போகும். உள்ளே வந்து உட்கார்ந்தவர் முன்னால் ஒரு கறுப்புப் பாத்திரம் வந்து இறங்கும். மூடியைத் திறந்தால் வெண்ணெயும் செலரியும் வெங்காயமும் கலந்த ஆவி முகத்தில் அடிக்கும். அதற்குள் மஸல் என்கிற கறுப்புச் சிப்பி, ஒரு ஆளுக்கு ஒரு கிலோ. மூடியைத் தலைகீழாக வைத்தால் அதுதான் காலி ஓடு போடும் தட்டு. நூற்றிருபது இருக்கைகளிலிருந்தும் ஓடு விழும் சத்தம் கிளம்பினால் ஏதோ கூழாங்கல் குவாரிக்குள் நிற்பது போல இருக்கும்.

நம் ஊர்க்காரர்கள் வந்தால் பரிமாறுவது செந்தில் அண்ணன். அறந்தாங்கிப் பக்கம், வளைகுடாவில் பதினேழு வருட அனுபவம். பாத்திரத்தைப் பார்த்து முழிக்கும் ஆபீஸ் கூட்டத்துக்கு அவர் நடத்தும் வகுப்பை நான் பலமுறை ஒளிந்து நின்று கேட்டிருக்கிறேன்.

"சார், ஃபோர்க்க ஓரமா வைங்க. மொத சிப்பிய மட்டும் கையால எடுத்துச் சாப்புடுங்க. ஆச்சா? இப்ப அந்தக் காலி ஓட்டையே இடுக்கி மாதிரி புடிச்சுக்கிட்டு மத்ததெல்லாம் புடுங்கிச் சாப்புடுங்க. பெல்ஜியத்துல மந்திரியே வந்தாலும் இப்படித்தான்."

"நீங்க பெல்ஜியம் போயிருக்கீங்களா அண்ணே?"

"பெல்ஜியமே இங்க வருது, நான் எதுக்கு சார் அங்க போகணும்?"

பெல்ஜியத்திலிருந்து வந்திருந்தவர் செஃப் லூக். ஐம்பத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு, இடது தோளில் மூன்றாக மடித்த வெள்ளைத் துண்டு. ஒன்பது வருடத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு பாத்திரம் சரியில்லை என்றால் மூடியைத் திறந்து பார்ப்பார், மூடுவார், சமைத்தவரை ஒரு கணம் பார்ப்பார், "மறுபடி" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து பெரிய பெரிய சமையல்காரர்கள் வியர்த்ததைப் பார்த்திருக்கிறேன். என் பெயர் தேன்மொழி. அது அவர் வாயில் நுழையவில்லை. என் கையில் எப்போதும் ஒரு பட்டியல் இருப்பதைப் பார்த்து "மதாம் லிஸ்ட்" என்று கூப்பிட ஆரம்பித்தார். சமையலறை முழுக்க அதுவே என் பெயராயிற்று.

மஸல் வாரத்துக்கு இரண்டு முறை விமானத்தில் உயிரோடு வரும். நான் மூட்டைக்குள் வெப்பமானியைச் செருகி, கடலிலிருந்து எடுத்த தேதி இருக்கும் சீட்டைக் கிழித்து ஃபைலில் வைப்பேன். செஃப் வாய் பிளந்திருக்கும் சிப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜை விளிம்பில் ஒரு தட்டு தட்டி, பிரெஞ்சில் ஐந்து வரை எண்ணுவார். "உயிரோடு இருக்கிறவர் கதவைச் சாத்திக்கொள்வார்" என்பது அவர் விளக்கம். ஐந்துக்குள் சாத்தாதது குப்பைக்கு. சமைத்த பிறகு எதிர்மாறு, திறக்காதது குப்பைக்கு. முதல் வாரத்தில் அவர் ஐந்து எண்ணுவது உண்மையில் எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். ஒருமுறை நான்கு விநாடி, ஒருமுறை ஏழு. அதைக் குறித்து அவரிடமே கொடுத்தேன். வாங்கிப் படித்தார். மறுநாளிலிருந்து ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துத்தான் எண்ணினார். எங்களுக்குள் நல்ல புரிதல் உண்டானது அன்றைக்குத்தான்.

இனி ஃப்ரைஸ். உருளைக்கிழங்குதானே, அதில் என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் நானும் போனேன். பெல்ஜியம் முறைப்படி அதை இரண்டு தடவை பொரிக்க வேண்டும். முதல் தடவை குறைந்த சூட்டில், வெந்தால் போதும். எடுத்து ஆற வைத்து, இரண்டாம் தடவை அதிக சூட்டில். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. ஆனால் அந்த ருசியின் ரகசியம் சூட்டில் இல்லை. பாரம்பரியப்படி அதைப் பொரிப்பது எண்ணெயில் இல்லை, மாட்டுக் கொழுப்பில். செஃப் லூக்குக்கு அதில் விட்டுக்கொடுக்கும் பேச்சே கிடையாது. மெனு அட்டையில் கீழே சிறிய எழுத்தில் அது அச்சாகியிருந்தது. சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டால் சூரியகாந்தி எண்ணெயில் தனியாகப் பொரித்துத் தருவோம் என்றும் இருந்தது.

எங்களிடம் நான்கு ஃப்ரையர்கள், அதாவது பொரிக்கும் தொட்டிகள். ஒன்று, இரண்டு, மூன்று சிவப்பு ஸ்டிக்கர், கொழுப்பு. நான்காவது நீல ஸ்டிக்கர், எண்ணெய். நீலத்துக்குத் தனி கூடை, தனி கரண்டி, தனி உப்பு டப்பா. இந்த ஏற்பாடு முழுக்க நான் போட்டது. நீல ஃப்ரையருக்குப் பக்கத்தில் சிவப்புக் கரண்டி போனால் நான் கத்துவேன் என்பது பாத்திரம் தேய்ப்பவர் வரைக்கும் தெரியும். அந்த நீலத்தை நம்பித்தான் நம் ஊர்ச் சைவக் குடும்பங்கள் அங்கே வந்தன.

அப்படி வந்தவர்களில் ஒருவர் சங்கர் சார். பர் துபாயில் வீடு, ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை, திருநெல்வேலிச் சைவக் குடும்பம். மனைவியோடும் ஆறு வயது மகளோடும் மாதம் ஒருமுறை வருவார். சூப், பொரித்த காய்கறி, நீல ஃப்ரையர் ஃப்ரைஸ், குழந்தைக்கு வாஃபிள். எப்போதும் செந்தில் அண்ணன் பார்க்கும் பதினாலாம் மேஜை.

நான் சொதப்பிய அந்த வெள்ளிக்கிழமை அவரோடு அவருடைய அம்மாவும் வந்திருந்தார். கோமதியம்மா. பாளையங்கோட்டையில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், விசிட் விசாவில் இரண்டு மாதம் தங்க வந்தவர். வந்த நாளிலிருந்து மீனா பஜார் சைவ ஓட்டலைத் தவிர வேறு எங்கும் வாயில் தண்ணீர் படவிடவில்லை என்று சங்கர் சார் செந்தில் அண்ணனிடம் சொல்லிச் சிரித்தாராம். அம்மா சிரிக்கவில்லை. செந்தில் அண்ணனை நிறுத்தி வைத்து மூன்று தடவை கேட்டிருக்கிறார்.

"ஏப்பா, எண்ணெ தனிதானா?"

"தனி அடுப்பு, தனி எண்ணெ, தனி கரண்டி அம்மா."

"நெசமாத்தான் சொல்லுதியா?"

"எங்கம்மா மேல சத்தியம்மா. நம்பிச் சாப்புடுங்க."

ஏழே முக்கால் மணி இருக்கும். பரிமாறும் ஜன்னல் ஓரத்தில் செஃப் பக்கத்தில் நின்று நான் சூப் வெப்பம் பார்த்துக்கொண்டிருந்தேன். செந்தில் அண்ணன் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"மேடம், பதினாலுல ஒரே பாராட்டு. சங்கர் சார் சொல்றாரு, ரெண்டு வருஷமா வர்றோம், இன்னிக்கு மாதிரி ஃப்ரைஸ் சாப்பிட்டதே இல்லன்னு. அம்மா தட்டையே காலி பண்ணிட்டாங்க. இன்னொரு கிண்ணம் கேக்குறாங்க!"

நான் அதை ஆங்கிலத்தில் செஃப்பிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "இயல்புதானே" என்றார்.

இயல்பா? வெப்பமானியைச் சூப்பிலேயே விட்டேன். எண்ணெயில் பொரித்த ஃப்ரைஸ் நன்றாக இருக்கும். ஆனால் அது சிவப்பு ஃப்ரைஸ் ஆகாது. இரண்டு வருடமாக எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட்டவர், இன்றைக்கு மட்டும் இப்படி ஒரு ருசி என்கிறார் என்றால்?

பொரிக்கும் பகுதிக்கு நடந்தேன். ஓடியிருந்தால் எல்லோரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். பொரிப்பது ரஹீம் பாய், பீகார்க்காரர், அந்த நாலு ஃப்ரையருக்கும் ராஜா. அன்றைக்கு நீல ஃப்ரையரைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்துக் கழுவிக் காய வைத்திருந்தார்கள். நான்தான் அதற்கு நாள் குறித்திருந்தேன். அதற்குப் பதிலாகச் சைவ ஆர்டருக்கு இரண்டாம் நம்பர் என்று பட்டியலில் எழுதி, காலையில் என் கையாலேயே அதன் மூடியிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரைக் கிழித்து நீலம் ஒட்டியிருந்தேன். அதில் பதினாலாம் மேஜைக்கான இரண்டாவது கூடை பொரிந்துகொண்டிருந்தது. பார்வைக்குத் தெளிந்த எண்ணெய் மாதிரிதான் இருந்தது. உருகிய கொழுப்பும் அப்படித்தான் இருக்கும்.

ஒரு கரண்டி எடுத்து, பக்கத்தில் இருந்த ஐஸ் டப்பாவின் எவர்சில்வர் மூடியில் ஊற்றினேன். மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம், நான், ரஹீம் பாய், பின்னாலேயே வந்துவிட்ட செஃப். முதலில் ஓரம் மங்கியது. பிறகு நடு. ஒரு நிமிடத்தில் மெழுகுவர்த்தி உருகி உறைந்தது மாதிரி வெள்ளையாகக் கட்டிவிட்டது.

சூரியகாந்தி எண்ணெய் உறையாது.

சுவரில் தொங்கிய பட்டியலைப் பார்த்தேன். என் கையெழுத்து. நீல ஃப்ரையரைக் காலி செய்யவும். கழுவிக் காய வைக்கவும். சைவ ஆர்டர்: இரண்டாம் நம்பர். சனி காலை வரை நீலத்தைத் தொட வேண்டாம். எல்லாம் ஒழுங்காக, எண் போட்டு இருந்தது. இரண்டாம் நம்பரிலிருக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு எண்ணெய் ஊற்று என்ற வரி மட்டும் இல்லை. மனதில் இருந்தது, தாளில் இல்லை. மதியம் அடுப்பைப் போட்டவர் கொழுப்பைப் பார்த்திருக்கிறார். தினமும் பார்ப்பதுதானே என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மதியம் சைவ ஆர்டர் எதுவும் வரவில்லை. சாயங்காலம் வந்த ரஹீம் பாய் என் பட்டியலையும் ஸ்டிக்கரையும் பார்த்திருக்கிறார். அதற்கு மேல் அவர் எதைப் பார்க்க வேண்டும்?

"மேடம், ஆப்னே லிக்கா, மைனே கியா" என்றார் மெல்ல. நீங்கள் எழுதினீர்கள், நான் செய்தேன். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. நம்ப முடியாத குரல்.

இரண்டாவது கிண்ணத்தை நிறுத்தினேன். இதற்குள் மேலாளர் ஃபாதி வந்துவிட்டார். லெபனான்காரர், கையில் எப்போதும் காபி. விஷயத்தைக் கேட்டதும் அவர் போட்ட கணக்கு எளிமையானது.

"சாப்பிட்டாச்சு. சந்தோஷமா இருக்காங்க. யாருக்கும் வயிறு வலிக்கப் போறதில்ல. கலாஸ், முடிஞ்சுது. இன்னொரு கிண்ணம் லேட் ஆகும்னு சொல்லிடு, வாஃபிள் கொடு, போயிடுவாங்க."

"அவங்ககிட்ட சொல்லணும்" என்றேன்.

"ஹபீப்தி, சுவத்துல மாட்டியிருக்கிறது யார் பேரு? என் பேரா? அவங்க புகார் கொடுத்தா போறது உன் சான்றிதழ். சான்றிதழ் போனா வேலை. வேலை போனா விசா."

அவர் மிரட்டவில்லை. நிஜமாகவே எனக்கு நல்லது சொன்னார். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. விசா அந்த வேலையின் பேரில்தான் இருந்தது.

செஃப் தோளிலிருந்த துண்டை எடுத்து மறுபடி மூன்றாக மடித்தார். "எனக்குப் புரியவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்" என்றார். "அவர்களுக்கு என்ன இழப்பு?"

நான் அசைவம் சாப்பிடுகிற வீட்டுப் பெண். மாட்டிறைச்சி மட்டும் தொட மாட்டேன், ஏன் என்று என்னை யாரும் கேட்டதில்லை. பதில் சொன்னது ரஹீம் பாய். ஹிந்தியில் தொடங்கி, செஃப்புக்குப் புரியட்டும் என்று உடைந்த ஆங்கிலத்துக்கு மாறினார்.

"செஃப், எனக்கு யாராவது பன்றி கொடுத்துவிட்டு, நான் நல்லா இருக்குன்னு சொல்லி, இன்னும் கொஞ்சம் கேட்டா? அப்ப நீங்க எல்லாரும் தெரிஞ்சுகிட்டே சும்மா நின்னா?" அவர் கண்கள் கலங்கியிருந்தன. "என் கையால போட்டேன், மேடம். நீங்க போய்ச் சொல்லலைன்னா நான் போய்ச் சொல்வேன்."

செஃப் ஃபாதியைப் பார்த்தார். சிப்பியைத் தட்டிவிட்டுக் காத்திருப்பாரே, அப்படி. பிறகு என்னிடம், "போங்க, மதாம். இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

ஜன்னலிலிருந்து பதினாலாம் மேஜைக்கு இருபது அடி. அதற்குள் பட்டியல் போட்டுவிட்டேன், எனக்கு வேறு எப்படியும் யோசிக்க வராது. முதலில் விஷயம், பிறகுதான் மன்னிப்பு. செந்தில் அண்ணன் பேரையோ ரஹீம் பாய் பேரையோ எடுக்கக் கூடாது. இலவசமாக எதையும் தருகிறேன் என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது.

"அம்மா, சார், என் பேர் தேன்மொழி. இந்தச் சமையலறைக்குப் பொறுப்பு நான். நீங்க இன்னிக்குச் சாப்பிட்ட ஃப்ரைஸ் எண்ணெயில பொரிச்சது இல்ல. மாட்டுக் கொழுப்புல பொரிச்சது. தப்பு என்னோடது. இப்பத்தான் தெரிஞ்சுது. மன்னிச்சுக்கங்க."

சங்கர் சார் முதலில் சிரித்தார், விளையாடுகிறேன் என்று நினைத்து. பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்ன பேசுறீங்க? என்ன பேசுறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா? ரெண்டு வருஷமா வர்றோம்!" பக்கத்து மேஜைகளில் ஓடு விழும் சத்தம் நின்றது. அவர் மனைவி குழந்தையின் தட்டை இழுத்துத் தூரத் தள்ளினார்.

குழந்தை ஆங்கிலத்தில் கேட்டது. "அப்பா, அது பசுவா?"



"சங்கரா, நீ உக்காரு" என்றார் கோமதியம்மா. நாப்கினால் வாயைத் துடைத்து, அதை மடித்து வைத்தார். "நீ சொல்லும்மா. முன்னாடி வந்தப்பல்லாமும் இதேதானா?"

"இல்லம்மா. இன்னிக்கு மட்டும்."

"அத நான் எப்படி நம்புதது?"

பேச்சுக்குப் பதில் தாள்தான் நம்பத்தக்கது என்பது என் கட்சி. உள்ளே போய் அன்றைய பட்டியலையும் பழைய ஃபைலையும் எடுத்து வந்தேன். வெளியாள் கையில் அதைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தேன். கோமதியம்மா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பழைய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டித் தேதி பார்த்தார், கையெழுத்து பார்த்தார். பிறகு அன்றைய தாளுக்கு வந்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"நாலாம் நம்பர காலி பண்ணச் சொல்லிருக்கே. ரெண்டாம் நம்பர்ல போடச் சொல்லிருக்கே. ரெண்டாம் நம்பர்ல ஏற்கெனவே இருந்தத என்ன செய்யச் சொன்னே?"

"அதைத்தாம்மா எழுதாம விட்டுட்டேன்."

"ம்." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "நீ வந்து சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதும்மா."

"பெறகு எதுக்குச் சொன்னே?"

இதற்கு நான் பட்டியல் போட்டிருக்கவில்லை. "நீங்க இன்னொரு கிண்ணம் கேட்டீங்கம்மா" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கோபமா வேறெதுவுமா என்று எனக்கு இன்று வரை தெரியாது. எழுந்து, கை கழுவும் இடத்துக்குப் போய், வெகுநேரம் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். வழியில் செந்தில் அண்ணன் கை கட்டி நின்றிருந்தார்.

"அம்மா, நான் எங்கம்மா மேல சத்தியம் பண்ணிட்டேனேம்மா..."

"ஒங்கம்மாவுக்கு ஒண்ணும் வராது, போ. நீ அறிஞ்சா சொன்னே?" அடுத்த அடி எடுத்து வைத்தவர் நின்று, "இனிமே அவள இழுக்காத. கடைக்கெல்லாம் அவளா ஜாமீன்?" என்றார்.

சங்கர் சார் நகராட்சியில் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னார். நிறுத்தச் சொல்வார் என்று நான் அம்மாவைப் பார்த்தேன். ஒப்புக்கொள்கிறேன், ஆசையாகத்தான் பார்த்தேன்.

"கொடு" என்றார் அவர். "கொடுக்கத்தான் வேணும்." குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். வாஃபிள் சமையலறையில் ஆறிப்போனது.

அடுத்த வாரம் நகராட்சி ஆய்வாளர் வந்தார். அதிகம் பேசாத இளைஞர். நான்கு ஃப்ரையர்களையும் பார்த்தார். ஐஸ் மூடியில் கொழுப்பு உறைவதை எங்களோடு நின்று பார்த்தார். பழைய பட்டியலை வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டார். ஃபாதி காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் சொல்லவில்லை, முகம் சொன்னது.

கடைசியில் ஆய்வாளர் புகார்ப் படிவத்தைத் திருப்பி ஒரு கட்டத்தின் மேல் பேனாவை வைத்தார். "இந்தக் கட்டத்தில் சாதாரணமாக நாற்றம் என்று எழுதுவார்கள், வயிற்று வலி என்று எழுதுவார்கள்" என்றார். தவறு எப்படித் தெரியவந்தது என்பது கேள்வி. பதிலை ஆங்கிலத்தில், பழைய தபால் ஆபீஸ் கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்: பொறுப்பாளர் தாமாக எங்கள் மேஜைக்கு வந்து சொன்னார்.

அதற்குக் கீழே, என்ன நடவடிக்கை கோருகிறீர்கள் என்ற இடத்தில் ஒரே வரி. பட்டியலில் விடுபட்டதைச் சேர்க்க வேண்டும்.

"சேர்த்துவிட்டீர்களா?" என்றார் ஆய்வாளர்.

சுவரைக் காட்டினேன். அவர் கிட்டே போய் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். உணவகத்துக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்தார். சான்றிதழ் சுவரிலேயே இருந்தது. அவர் போன பிறகு ஃபாதி காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "யல்லா, வேலையைப் பாருங்க" என்றார்.

சங்கர் சார் குடும்பம் அதன் பிறகு வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. செந்தில் அண்ணன் அம்மா மேல் சத்தியம் பண்ணுவதை விட்டுவிட்டார். "மேடம் மேல சத்தியம், தனி எண்ணெ" என்று யாரிடமோ சொன்னதை ஒருநாள் கேட்டு, பாவி மனுஷா என்று நினைத்துக்கொண்டு ஓடிப்போய் ஃப்ரையரைப் பார்த்தேன்.

மாறியவர் ரஹீம் பாய். அதற்கு முன்பெல்லாம் நான் பட்டியலை மாட்டினால் அதுதான் கடைசி வார்த்தை. மேடம் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன், அதுதான் கோளாறே. அந்த வாரத்துக்குப் பிறகு அவர் பட்டியலைச் சுவரில் மாட்டவே விடமாட்டார். என் கையிலிருந்து வாங்கி, உரக்கப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் அந்தந்த ஃப்ரையரைத் தொட்டுக் காட்டி, கடைசியில் தாளை என்னிடமே நீட்டுவார்.

"மேடம், இதுல என்ன இல்ல?"

ஒன்றுமில்லை என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். மறுபடி பாருங்கள் என்பார். செஃப்பைப் போலவே, குரலை உயர்த்தாமல். எரிச்சலாக இருக்கும். வரிசையில் ஆட்கள் நிற்பார்கள், சிப்பி வந்து இறங்கியிருக்கும், நான் நின்று என் தாளையே வேறொருத்தி எழுதியது போலப் படித்துக்கொண்டிருப்பேன்.

நான் விடைபெறும் நாளிலும் காவ்யாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டார். ஒன்பது வருடம் முடிகிற அன்று என்னத்தை விட்டிருக்கப் போகிறேன் என்று சிரித்துக்கொண்டே தாளை வாங்கிப் பார்த்தேன்.

ஒன்று விட்டுப்போயிருந்தது.